அடைகாத்த புழு

வரப்பின் மேல் நாங்கள் பன்னிரண்டு பேர் நின்றோம். எதிரே பாவாயி ஒருத்தி.

எங்கள் பக்கத்தில் ஊர்க்கவுண்டர் செங்கோடர். அவருக்குப் பின்னால் தண்டோராக்காரர், மண்வெட்டியோடு நாலு பேர், வேடிக்கை பார்க்க வந்த மிச்சப் பேர். எல்லாருக்கும் முன்னால் காக்கி அரைக்கால் சட்டையும் தலைக்கு ஒரு சுற்றுப் பெரிய தொப்பியுமாக, சர்க்காரின் பிரதிநிதியான நான்.

பாவாயிக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் ஆமணக்கு. இலையெல்லாம் சல்லடை, இலைக்கு இலை புழு. அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கி எரிக்கத்தான் போயிருந்தோம்.

"ஒருத்தரும் காட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாதுங்க," என்றாள் பாவாயி. கையில் களைக்கொத்து இருந்தது. "வெச்சா அந்தக் காலு ஊடு போய்ச் சேராதுங்க."

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். இந்த மேற்குச் சீமையில் காலை வெட்டுவேன் என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள் என்பது எனக்கு நிதானமாகத்தான் விளங்கியது. வந்த புதிதில், எல்லாரும் என்னை மிகவும் மதிக்கிறார்கள் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

செங்கோடர் என்னைப் பார்த்தார். 'பிடுங்குங்கள்' என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன். அந்தச் செடிகளைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அது எப்படித் தெரிந்தது என்று சொல்ல, மூன்று வாரம் பின்னால் போக வேண்டும்.

புழு ஆபீசர்

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. விவசாயப் படிப்பை முடித்த கையோடு எனக்கு டிமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. விவசாயம் செய்கிறவர்களுக்கு விவசாயம் செய்து காட்டும் உத்தியோகம். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருபது ஊர்கள், ஒரு சைக்கிள், ஒரு தொப்பி.

இந்த ஊரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. செங்கோடரின் பேரன்மார் இப்போது லாரி வைத்திருக்கிறார்கள். சாலையைக் கடக்கிற வயசு எனக்கு இன்னும் தீரவில்லை.

சென்ற வாரம் குதிரை வண்டியில் போய் நான் கலெக்டரை மடக்கிய கதையைப் படித்த வாசகர் ஒருவர், 'உங்களைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொள்கிறீர்களே' என்று கார்டு போட்டிருந்தார். இந்த வாரம் அவருக்காக.

அந்தக் காலத்தில் ஆமணக்கு இல்லாமல் அந்த ஊர்களில் ஒன்றும் நடக்காது. பிறந்த குழந்தையின் வாயில் விடுவதும் அதன் எண்ணெய், வண்டியின் அச்சில் தடவுவதும் அதன் எண்ணெய். கொட்டமுத்து என்பார்கள். மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். ஆடியில் மழை பெய்தால் காட்டில் கொட்டமுத்து விதைப்பார்கள். மழை பெய்யாவிட்டாலும் விதைத்துவிட்டு வானத்தைத் திட்டுவார்கள்.

அந்த வருஷம் மழை பெய்தது. செடி இடுப்புயரம் வந்தது. பின்னாலேயே காவடிப்புழு வந்தது.

முதுகைக் காவடி போல வளைத்து வளைத்து நடக்கிற கரும்புழு அது. பக்தியெல்லாம் நடையில்தான். நாலே நாளில் இலையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். பூச்சி மருந்து என்று சர்க்காரிடம் இருந்தது இரண்டே சரக்கு. ஒன்று மண்ணெண்ணெய், இன்னொன்று அறிவுரை. மண்ணெண்ணெய் ஊர்க்காரர்கள் கொண்டுவர வேண்டும்.

துரை வந்தார்

என் மேலதிகாரி பார்வையிட வந்தார். அவரை எங்களுக்குள் 'சர்க்குலர் துரை' என்போம். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று எண்ண வேண்டாம். காவிரிக்கரைக்காரர்தான். தொப்பியும் சுருட்டும் சேர்ந்து அவரைத் துரையாக்கியிருந்தன. காலையில் எழுந்தால் பல் விளக்குவதற்கு முன் ஒரு சர்க்குலர் எழுதுவார் என்று சொல்வார்கள்.

செங்கோடரின் காட்டில் துரை கைத்தடியால் ஓர் இலையைத் திருப்பினார். இலைக்கு அடியில் ஒரு காவடிப்புழு அசையாமல் இருந்தது. அதன் வாலுக்குக் கீழே அரிசி அளவில் பழுப்பாக ஒரு கூடு ஒட்டியிருந்தது. கைத்தடி பட்டும் புழு நகரவில்லை.

"பார்த்தியா?" என்றார் துரை. "முட்டை! அடைகாக்குது!"

செங்கோடர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, கோழியாட்டவா?"

"கோழியேதான். தாய்ப்பாசம் ஓய் தாய்ப்பாசம்! இந்த முட்டையெல்லாம் பொரிச்சா உங்க ஊரே காலி. இதைத்தான் முதல்ல அழிக்கணும்."

புழு முட்டையிடாது. அந்துப்பூச்சிதான் முட்டையிடும், புழு அதன் குழந்தை. இது ஐந்தாம் வகுப்புப் பாடம். குழந்தை பிள்ளை பெறுவதில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"சார், புழு வந்து..."

துரை திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"ஆமாம் சார்," என்றேன்.

தீ

அன்று சாயங்காலமே தண்டோரா. வாலடியில் முட்டை வைத்திருக்கிற புழுவை முதலில் பொறுக்க வேண்டும். முட்டையோடு சேர்த்து எரிக்க வேண்டும். இது சர்க்கார் உத்தரவு.

அந்த ஊரார் சொன்னால் செய்கிறவர்கள். எட்டு நாள் ஆணும் பெண்ணும் இலை இலையாகத் திருப்பினார்கள். பானை பானையாகக் கொண்டுவந்து களத்தில் கொட்டினார்கள். நான் தொப்பியோடு நின்று தீ வைத்தேன். தலைமுடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் ஊரை விட்டுப் போகவில்லை. துணியில், சோற்றில், தண்ணீரில்கூட அந்த நாற்றம்.

அடைகாக்கிற புழு அசையாது, பிடிப்பது சுலபம். மேய்கிற குட்டிப் புழுக்கள் கண்ணுக்கே படவில்லை, அவற்றை யாரும் தேடவும் இல்லை.

பாவாயி மட்டும் பொறுக்கவில்லை. அவள் செங்கோடரின் தம்பி பெண்டாட்டி. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்து, நடுவில் ஒரு வரப்பும் பேச்சுவார்த்தை இல்லாத நாலு வருஷமும் இருந்தன. தம்பி பழனியப்பன் மேட்டூரில் அணை வேலைக்குப் போயிருந்தான். அவளும் தங்கை வீட்டுக்கோ தாய் வீட்டுக்கோ போய்விட்டால், அந்த இரண்டு ஏக்கரைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று செங்கோடருக்கு ஒரு பெரிய மனது இருந்தது.

நான் போய்க் கேட்டேன். பாவாயி களையெடுப்பதை நிறுத்தவில்லை.

"எங்கூட்டுக்காரரு மேட்டூர்ல கல்லு சொமக்கறாரு. இங்க நானு ஒருத்தி. களையெடுக்கவே ஆளில்லீங்க, புழுவெடுக்க எங்கீங்க போவேன்?"

"உத்தரவும்மா."

"அந்த உத்தரவ வந்து ரெண்டு சாலு களையெடுக்கச் சொல்லுங்க. அப்பறம் புழுவெடுக்கறேன்."

பூச்சி சாஸ்திரம் தெரிந்து அவள் மறுத்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆள் இல்லை. அதோடு, மூத்தாரான செங்கோடர் செய்கிறதைத் தான் செய்யக் கூடாது என்ற வைராக்கியம். இரண்டும் சேர்ந்தால் எந்தச் சர்க்காரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊறுகாய் ஜாடி

தலைமை ஆபீசுக்கு மாதிரி அனுப்ப வேண்டும் என்று, அடைகாக்கிற புழுக்களில் பத்துப் பதினைந்தை இலையோடு ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தேன். தபாலாபீசு தூரம், வெயில் கடுமை. நான் கடமையில் காட்டிய சோம்பலால் நாட்டுக்கு நன்மை விளைந்தது அந்த ஒரு முறைதான்.

ஏழெட்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், சோறு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தவன் ஜாடியைப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக என்னவோ பறந்தது. கொசு புகுந்துவிட்டதோ என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.

கட்டெறும்பில் பாதி இருக்கும். நாலு சிறகு, ஒட்டிய இடுப்பு. குளவி! அந்தப் பழுப்புக் கூடு ஒவ்வொன்றின் முனையிலும் மூடி திறந்த மாதிரி வட்டமாக வெட்டியிருந்தது. புழுக்கள் சுருங்கிச் செத்துக் கிடந்தன. நான் போட்ட இலையில் ஒரு கடிகூட இல்லை.

சோறு ஆறியது. அதை நான் தின்றேனா என்று நினைவில்லை. காட்டுக்கு ஓடி, பிறந்து ஓரிரு நாளே ஆன குட்டிப் புழுக்கள் நாலைப் பிடித்துவந்து ஜாடிக்குள் விட்டேன். ஒரு குளவி வந்தது. மீசையால் ஒரு குட்டியைத் தட்டிப் பார்த்தது. சட்டென்று பின்புறத்தை வளைத்து, ஊசியைச் செருகி எடுத்தது. கண் இமைக்கிற நேரம்தான். குட்டிப் புழு ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இலையைத் தின்னப் போய்விட்டது.

அப்போதுதான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. வகுப்பில் அப்போது நான் ஜன்னல் வழியாக ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். குளவி அந்தக் குத்தில் புழுவின் உடம்புக்குள் ஒரே ஒரு முட்டையை வைத்துவிடுகிறது. உள்ளே குளவிக் குஞ்சு பிறந்து, புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. கெட்டிக்காரக் குஞ்சு, உயிருக்கு ஆதாரமானதைக் கடைசிவரை தொடாது. புழு சாப்பிடுவதெல்லாம் யாருக்கென்று புழுவுக்கே தெரியாது. வளர்ந்ததும் குஞ்சு புழுவின் பின்பக்கத்தைத் துளைத்து வெளியே வந்து, அதன் வாலடியிலேயே கூடு கட்டிக்கொள்கிறது. புழு அப்போதும் சாவதில்லை. தின்பதும் இல்லை, நகர்வதும் இல்லை. தன் வயிற்றைத் தின்றவனின் கூட்டுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, மெள்ள மெள்ளச் சாகிறது.

துரை கண்ட தாய்ப்பாசம் இது!

நாங்கள் எட்டு நாளாகத் தேடித் தேடி எரித்தது இனி ஓர் இலையும் தின்னப்போகாத புழுக்களை. கூடவே, அடுத்த தலைமுறைப் புழுவைக் கொல்லப் பிறக்கவிருந்த குளவிகளை. பகைவனின் படையை விட்டுவிட்டு நம் படையின் தொட்டிலுக்குத் தீ வைத்திருந்தோம். தீக்குச்சி கிழித்தவன் நான்.

சேலம் போய் வந்தது

மறுநாள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் பஸ்ஸில் சேலம் போனேன். துரை ஜாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உத்தரவு போட்டாச்சு. தண்டோரா போட்டாச்சு. இப்போ அது முட்டையில்லே, குளவின்னு இன்னொரு தண்டோரா போட்டா ஜனங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மிச்சச் செடி பிழைக்கும் சார்."

"செடி பிழைக்கும். டிபார்ட்மெண்ட்?"

நான் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் எத்தனை காடு பாக்கி?"

"ஒண்ணே ஒண்ணு சார். அந்த அம்மா பொறுக்க மாட்டேங்கிறாங்க."

"அப்படின்னா செடியையே பிடுங்கிடு. ஒண்ணை விட்டா ரிப்போர்ட்ல இடிக்கும்."

"ஆமாம் சார்," என்றேன். இது இரண்டாவது.

இங்கிலீஷ் காகிதம்

இப்படித்தான் அந்தக் காலையில் பாவாயியின் காட்டு வரப்பில் போய் நின்றேன்.

"ஆபீசருங்க, சொல்லுங்க," என்றார் செங்கோடர். "இவ காட்டுப் புழு எங்க காட்டுக்கெல்லாம் வந்துரும். புடுங்கிப் போட்டாத்தான் ஊருக்கு நல்லது." பிறகு மண்வெட்டிக்காரர்களிடம் திரும்பி, "எறங்குங்கடா," என்றார்.

பாவாயி களைக்கொத்தை ஓங்கினாள். ஒருவன் வரப்பை விட்டு ஒரு காலை எடுத்து வைத்தான்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் உண்மை 'நான் ஒரு முட்டாள்' என்று ஆரம்பித்தது. அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டைப் பையில் கை போனது. ஒரு காகிதம் இருந்தது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கு டயர் கேட்டு நான் எழுதி, இல்லையென்று திரும்பி வந்த விண்ணப்பம். அதை விரித்து, முழுக்க இங்கிலீஷில், உரக்கப் படித்தேன். 'ரியர் வீல்' என்று வந்த இடத்தில் குரலை உயர்த்தினேன். தண்டோராக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இந்தக் காடு இன்று முதல் சர்க்கார் பரிசோதனையில் இருக்கிறது," என்று தமிழில் முடித்தேன். "அறுவடை வரை இந்த அம்மாவைத் தவிர யாரும் உள்ளே இறங்கக் கூடாது."

வைத்த கால் வரப்புக்குத் திரும்பியது. செங்கோடரின் முகம் கறுத்தது. ஆனால் இங்கிலீஷை எதிர்த்து என்ன செய்வது?

பாவாயி எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எம்பட காட்ட சர்க்காரு எடுத்துக்குதுங்களா?" என்றாள்.

"இல்லம்மா, பரிசோதனைதான்."

"மூத்தாரு வாயிலருந்து தப்பிச்சுச் சர்க்காரு வாயில உழுகோணுமா நானு?"

குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். தொப்பியில் பட்டு உடைந்தது. அந்தத் தொப்பி தன் வாழ்நாளில் செய்த ஒரே உபகாரம் அது.

பச்சை ஓரம்

அடுத்த ஈடு புழு வந்தது. ஊர்க்காடுகளில் குளவி இல்லை. செடிகள் நரம்பும் குச்சியுமாக நின்றன. பாவாயியின் காட்டில் புழுக்கள் பாதி இலையைத் தின்றுவிட்டு, வாலடியில் கூடு ஏந்தி வரிசையாக உட்கார்ந்தன. செடி புதுத் தளிர் விட்டது. பூத்தது.

ஊர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? 'புழு ஆபீசருக்கு அந்தக் காட்டு மேல மட்டும் என்ன அக்கறை?' என்று செங்கோடர் சந்தையில் ஒரு கேள்வியைப் போட்டார். அதற்குப் பதில் கிணற்றடியில் வளர்ந்தது. பாவாயி தண்ணீர் சேந்த வந்தால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பதில் என் காதுக்கும் வந்தது. நான் அவளைக் காப்பாற்றிய லட்சணம் அப்படி.

கேள்வி மேட்டூர் வரை போயிற்று. ஒரு மத்தியானம் கடப்பாரையோடு ஓர் ஆள் என் அறை வாசலில் வந்து நின்றான். இரண்டு நாள் நடந்து வந்த புழுதி முழங்கால் வரை இருந்தது. பழனியப்பன்.

"எம்பட காட்டுல உங்களுக்கு என்னுங்க சோலி?" என்றான்.

கடப்பாரையைப் பார்த்ததும் எனக்கு உண்மை பேச வந்துவிட்டது. துரையின் கோழியிலிருந்து டயர் விண்ணப்பம் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜாடியைக் காட்டினேன். அவன் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கூட்டுக்காரிகிட்ட அவ என்ன பண்ணுனான்னு கேக்க வந்தனுங்க. நீங்கதான் பண்ணியிருக்கறீங்க," என்றான். "வாங்க. இத ஊர்ல சொல்லுங்க."

கோயில் முன்னால் சொன்னேன். யாரும் நம்பவில்லை. இங்கிலீஷில் சொன்ன பொய்யை நின்ற இடத்தில் நம்பிய ஊர், தமிழில் சொன்ன உண்மையைக் கேட்டுச் சிரித்தது.

"புழு வகுத்துல குளவி பொறக்குதாமா!" என்றார் செங்கோடர். "நாளைக்கு எருமை வகுத்துல யானை பொறக்கும்னு சொல்லுவாரு."

பழனியப்பன் அவரைப் பார்த்து, "அண்ணா, உங்க காட்டுக்கே போயிப் பாக்கலாம் வாங்க," என்றான். நாலு வருஷத்தில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

எல்லாரும் போனோம். செங்கோடரின் காடு குச்சிக்காடாக நின்றது. ஆனால் கிழக்கு ஓரத்தில், பாவாயியின் வரப்பை ஒட்டி, பத்து வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. வருகிற வழியிலேயே அதைப் பார்த்திருந்த பழனியப்பன் ஓர் இலையைத் திருப்பினான். புழு, கூடு. கூட்டின் முனையில் மூடி திறந்திருந்தது. அடுத்த இலை. அதற்கடுத்த இலை. பாகம் பிரிந்த சங்கதி குளவிகளுக்குத் தெரியாது. வரப்பைத் தாண்டி வந்திருந்தன.

செங்கோடர் தானே இன்னோர் இலையைத் திருப்பினார். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அப்ப நாங்க எட்டு நாளா எரிச்சதுங்க?"

"குளவிகளைத்தான்."

"எரிக்கச் சொன்னதுங்க?"

"நான்தான்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். அந்த வருஷம் ஆறு குடும்பம் ஆடுகளை விற்றுவிட்டு மேட்டூருக்குக் கல் சுமக்கப் போயிற்று. பாவாயியிடம் மற்றப் பெண்கள் மறுபடி பேசினார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. 'கொட்டமுத்து நல்லா காச்சிருக்குதே' என்றார்கள், அவ்வளவுதான்.

துரையின் பரிசோதனை

காய் பழுக்கிற சமயத்தில் துரை மறுபடி வந்தார். ஊரிலேயே ஒரே பச்சைக் காடு. அதன் முன்னால் நின்று சுருட்டைப் பற்றவைத்தார்.

"இந்தப் பரிசோதனைக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"நீங்கதான் சார்," என்றேன்.

சற்று யோசித்தார். "ஆமா, ஞாபகம் இருக்கு," என்றார்.

அந்த ஞாபகத்துக்காக அவருக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. 'எமது பரிசோதனை' என்று நாலு பக்க சர்க்குலர் வந்தது. கோழியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எனக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது.

புறப்பட்ட அன்று சைக்கிளைப் பாவாயியின் களத்துப் பக்கமாக விட்டேன். அவள் கொட்டமுத்துக் காயை வெயிலில் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க," என்றாள். "ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. அந்தப் பெரிய ஆபீசரு, புழு முட்டை போட்டு அடகாக்குதுன்னு சொன்னாரில்லீங்க. புழு முட்டை போடாதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"அவர் பெரிய ஆபீசரும்மா."

அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாதவள் போல என்னைப் பார்த்தாள்.

"எம்பட மூத்தாரும் பெரிய மனுசருதானுங்க," என்றாள். "நானு சொல்லலீங்களா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. காய் கிளறப் போய்விட்டாள்.

ஆத்தூர் அங்கிருந்து முப்பது மைல். மிதிக்க மிதிக்க ஒரு நல்ல பதில் வரும் என்று நம்பி மிதித்தேன். ஆத்தூர்தான் வந்தது.